98% தூய்மை என்று போட்டிருந்தும் ஸ்டாக் வலுக்குறைவாக வருவது ஏன்? ஆய்வகப் பெப்டைடு வாங்குவதும் கையாள்வதும்

மார்ச் 3, கேள்வி

ஆஞ்சியோடென்சின் 2 (எட்டு அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு ஹார்மோன்), 5 மி.கி. குப்பி. சான்றிதழில் எச்பிஎல்சி (கலவையைத் தனித்தனிச் சிகரங்களாகப் பிரித்துக் காட்டும் முறை) தூய்மை 98%. மூலக்கூறு எடை 1046.2 என்று கணக்குப் போட்டு 4.78 மி.லி. நீர் விட்டு 1 மில்லிமோலார் ஸ்டாக் (பிறகு நீர்த்துப் பயன்படுத்தும் மூலக்கரைசல்) செய்தோம். முந்தைய குப்பியோடு ஒப்பிட்டால் செல் சோதனையில் கால் பங்கு வலு குறைகிறது. விற்றவர் எடையைக் குறைத்து நிரப்பிவிட்டார் என்றே தோன்றுகிறது. இனி எதைப் பார்த்து வாங்குவது?

மார்ச் 3, மாலை

விற்றவரைக் குறை சொல்லுமுன் சான்றிதழின் மற்ற வரிகளைப் படியுங்கள். 98% என்பது எடைக் கணக்கே அல்ல. 214 அல்லது 220 நானோமீட்டரில் தெரிந்த மொத்தச் சிகரப் பரப்பில் முக்கியச் சிகரத்தின் பங்கு 98%, அவ்வளவுதான். பொடியில் இருக்கும் ஈரமும் உப்பும் அந்தக் கணக்கில் வரவே வராது.

உப்பு எங்கிருந்து வருகிறது? திண்மநிலைத் தொகுப்பு முடிந்ததும் பெப்டைடை ரெசினிலிருந்து (அது வளர்க்கப்பட்ட திண்ம மணிகள்) கழற்ற டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம், சுருக்கமாக டிஎஃப்ஏ, பயன்படுகிறது. பிறகு சுத்திகரிக்கும் எச்பிஎல்சியிலும் 0.1% டிஎஃப்ஏ ஓடுகிறது. பெப்டைடில் உள்ள ஒவ்வொரு காரத் தளத்திலும் ஒரு டிஎஃப்ஏ ஒட்டிக்கொள்ளும். ஆஞ்சியோடென்சின் 2-இல் அமினோ முனை, ஆர்ஜினின், ஹிஸ்டிடின் என மூன்று தளங்கள். மூன்று டிஎஃப்ஏ சேர்ந்து 342. ஆக உப்பின் மொத்த எடை 1388. அதில் பெப்டைடு 75%. மீதி ஈரத்துக்குக் கொஞ்சம் கழித்தால் இன்னும் இறங்கும்.

சான்றிதழில் நிகரப் பெப்டைடு அளவு (பொடியின் எடையில் உண்மையான பெப்டைடின் பங்கு) என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். அது 74% என்றால் கணக்கு இப்படி: 5 மி.கி. × 0.74 = 3.70 மி.கி. அதை 1046.2-ஆல் வகுத்தால் 3.54 மைக்ரோமோல். 1 மில்லிமோலாருக்கு 3.54 மி.லி. நீர். நீங்கள் விட்டது 4.78. உங்கள் ஸ்டாக் 0.74 மில்லிமோலார்தான். காணாமல் போன கால் பங்கு இங்கேயே இருக்கிறது.

முந்தைய குப்பி ஏன் சரியாக இருந்தது என்பதற்கும் விடை உண்டு. சிலர் மொத்த எடையில் நிரப்புவார்கள், சிலர் நிகர எடையில். உப்பும் வேறாக இருந்திருக்கலாம். அசிடேட் ஒரு தளத்துக்கு 60 மட்டுமே கூட்டும், ஆக அதே பெப்டைடு 85% வரை வரும். இரண்டு சான்றிதழையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மார்ச் 4

நிகர அளவு வரி இல்லையென்றால் அளந்து பார்க்க வழி உண்டு. இதில் ஒரு டைரோசின் இருக்கிறது. 280 நானோமீட்டரில் டைரோசினுக்கு 1490, டிரிப்டோஃபேனுக்கு 5500, டைசல்ஃபைடு பிணைப்புக்கு 125 என்று மோலார் உறிஞ்சுகெழு எடுத்துக்கொள்வது வழக்கம். ஸ்டாக்கை 5 மடங்கு நீர்த்து 1 செ.மீ. குவெட்டில் அளந்தால், உண்மையிலேயே 1 மில்லிமோலாராக இருந்தால் 0.298 வர வேண்டும். 0.22 வந்தால் மேலே சொன்னதுதான் நடந்திருக்கிறது. 340 நானோமீட்டரிலும் ஒருமுறை படியுங்கள். அங்கே மதிப்பு பூஜ்யத்தை விட்டு எழும்பினால் கரையாத துகள் ஒளியைச் சிதறடிக்கிறது, 280 மதிப்பை நம்ப முடியாது.

பிராட்ஃபோர்டு முறையால் இதை அளக்க வேண்டாம். சில ஆயிரம் டால்டனுக்குக் கீழே அந்தச் சாயம் சரியாகப் பிடிக்காது. எட்டு அமினோ அமிலத்துக்கு அது எதையும் சொல்லாது.

மார்ச் 4, இரவு

காலையில் எழுதியதற்கு ஒரு வரம்பு போட வேண்டும். 1490 என்பது மடிந்த புரதங்களை வைத்து எடுத்த சராசரி. விரிந்த நிலைக்கு 1280 என்ற மதிப்பும் புழக்கத்தில் இருக்கிறது. குட்டிப் பெப்டைடுக்கு இரண்டில் எது பொருந்தும் என்பதிலேயே 15% ஆடும். ஒற்றை டைரோசினை நம்பி 75-ஆ 85-ஆ என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பழைய குப்பியின் ஸ்டாக்கில் மிச்சம் இருந்தால் சிக்கல் தீர்ந்தது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே கருவியில், ஒரே கரைப்பானில் அளந்து விகிதம் எடுங்கள். கெழு எதுவானாலும் விகிதம் மாறாது. உறுதியான முழு எண் வேண்டுமென்றால் அமினோ அமிலப் பகுப்பாய்வுக்கு அனுப்புவதுதான் வழி. அரோமேட்டிக் (டைரோசின், டிரிப்டோஃபேன் போன்ற வளையமுள்ள அமினோ அமிலம்) எதுவுமே இல்லாத பெப்டைடுக்கு 205 நானோமீட்டர், மி.லி.க்கு 1 மி.கி. என்றால் 31 என்ற தோராயம் உதவும். ஆனால் அசிடேட், டிஎம்எஸ்ஓ (டைமெதில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) இரண்டும் அங்கே தாங்களே உறிஞ்சும். நீரில் கரைத்ததற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மார்ச் 6

"எங்கே வாங்குவது" என்பதற்கு நிறுவனப் பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு தொகுதிகளே வேறுபடும். எதைக் கேட்டு வாங்குவது என்பதுதான் கேள்வி.

முதலில் உங்கள் குப்பியின் தொகுதி எண்ணுக்கே உரிய சான்றிதழ். மாதிரிச் சான்றிதழ் என்று தளத்தில் தொங்குவது கணக்கில் சேராது. அதில் எச்பிஎல்சி வரைபடம் முழுதாக இருக்க வேண்டும்: எந்தப் பிரிப்புக் குழாய் (column), எந்தச் சரிவு (கரைப்பான் விகிதத்தை ஏற்றும் வேகம்), எந்த அலைநீளம், அச்சுகளில் எண்கள். 10 நிமிடத்தில் 5-லிருந்து 95% அசிட்டோநைட்ரைல் என்று ஓடவிட்டால் பக்கத்துச் சிகரங்கள் முக்கியச் சிகரத்துக்குள் ஒளிந்துகொள்ளும், 98% எளிதாக வரும். நிமிடத்துக்கு 1% ஏறும் சரிவில் அதே பொடி 93% காட்டலாம். 280-இல் ஓட்டிய வரைபடமும் அப்படித்தான், அரோமேட்டிக் இல்லாத மாசு அங்கே தெரியாது. வெவ்வேறு தொகுதிகளுக்கு ஒரே வரைபடம், இரைச்சலின் மேடுபள்ளம் வரை ஒத்துப்போனால், அந்த விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது மாஸ் ஸ்பெக்ட்ரம் (மூலக்கூறின் எடையை அளந்த வரைபடம்). எதிர்பார்த்த எடை ஒன்றைத் தட்டச்சு செய்து பக்கத்தில் "சரி" என்று போட்டால் போதாது, படம் வேண்டும். ஆஞ்சியோடென்சின் 2-க்கு ஒற்றை மின்னூட்டத்தில் 1046.54, இரட்டையில் 523.77. பக்கச் சிகரங்களைப் படிக்கப் பழகுங்கள். 22 கூடுதல் சோடியம், கவலை இல்லை. 114 கூடுதல் டிஎஃப்ஏ, அதுவும் கவலை இல்லை. 16 கூடுதல் ஆக்சிஜனேற்றம், பெரும்பாலும் மெத்தியோனின். 56 கூடுதல் என்றால் டெர்ட்-பியூட்டைல் காப்புக் குழு கழறாமல் நிற்கிறது. 57 குறைவு ஒரு கிளைசின் விடுபட்டது. 18 குறைவு அஸ்பார்ட்டிமைடாக (நீர் இழந்து வளையமான வடிவம்) இருக்கலாம், அஸ்பார்டிக் அமிலத்தை ஒட்டிக் கிளைசின் இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

மாஸ் ஸ்பெக் எல்லாம் சொல்லிவிடாது. லூசினும் ஐசோலூசினும் ஒரே எடை. எல் வடிவ அமினோ அமிலம் டி வடிவமாகப் புரண்டிருந்தாலும் எடை மாறாது. ஆறு சிஸ்டீன் உள்ள பெப்டைடில் மூன்று டைசல்ஃபைடுகளை 15 விதமாக இணைக்கலாம், பதினைந்துக்கும் எடை ஒன்றுதான். அப்படிப்பட்டதை வாங்கும்போது இணைப்பை எப்படி உறுதி செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மார்ச் 6, சேர்க்கை

ஆர்டர் எழுதும்போது வரும் பிழை ஒன்று. கார்பாக்சில் முனை அமிலமாகவா, அமைடாகவா என்று குறிப்பிடாவிட்டால் பொதுவாக அமிலமாகவே வரும். பல ஹார்மோன் பெப்டைடுகளுக்கு அமைடு இல்லாவிட்டால் செயல்பாடு சரிந்துவிடும். இரண்டுக்கும் எடை வேறுபாடு 0.98 மட்டுமே. குறைந்த பிரிதிறன் கருவியில் கண்ணில் படாது. அஸ்பாரஜின் அமைடை இழக்கும்போதும் இதே 0.98 கூடும் என்பதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடவும் வாய்ப்புண்டு. வரிசையை அமினோ முனையிலிருந்து தொடங்கி எழுதுங்கள், இரு முனைகளையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மார்ச் 7

"எல்லாவற்றுக்கும் 98% வாங்கலாமா?" தேவையில்லை. எதிர்ப்பொருள் உண்டாக்க 70% போதும். பலவற்றைச் சோதித்து வடிகட்டும் முதல்கட்டத்துக்கு (screening) 80-லிருந்து 85. அளவு சார்ந்த செல் சோதனைக்கு 95-க்கு மேல். என்எம்ஆர், படிகவியல் என்றால் 98.

ஆனால் டி செல் (நோய் எதிர்ப்புச் செல் வகை) சோதனை செய்பவர்கள் தூய்மை எண்ணோடு நிறுத்தக் கூடாது. டி செல்கள் நானோமோலார் பெப்டைடுக்கே எழும். 10 மைக்ரோமோலார் பயன்படுத்தும்போது 0.1% மாசு என்பது 10 நானோமோலார். அந்த மாசு அதே கூடத்தில் முன்னால் தயாரான வேறொரு பெப்டைடின் எச்சமாக இருந்தால் பொய்யான நேர்மறை வரும். எச்ஐவி தடுப்பூசிச் சோதனைகளில் இது நடந்து, வெளியிடவும் பட்டிருக்கிறது. எதிர்பாராத வலுவான விடை வந்தால் வேறொரு தொகுப்பில் மறுபடி செய்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

மாக்ரோஃபேஜ், மோனோசைட் போன்ற நோய் எதிர்ப்புச் செல்களை வைத்து வேலை செய்தால் எண்டோடாக்சின் (பாக்டீரியா உறையிலிருந்து வரும் நச்சு) எண்ணும் வேண்டும். தோராயமாக 1 நானோகிராம் எண்டோடாக்சின் 10 அலகு. 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தும், எண்டோடாக்சினை நிறுத்தாது. வடிகட்டிவிட்டோம் என்று நிம்மதி அடைய வேண்டாம். கண்ணாடிப் பாத்திரம் என்றால் 250 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் உலர்வெப்பம். ஆட்டோகிளேவ் இதற்குப் போதாது.

கட்டுப்பாட்டுக்கு வரிசை கலைத்த பெப்டைடு வாங்கும்போது அதே விற்பனையாளர், அதே தூய்மை, அதே உப்பு. உண்மைப் பெப்டைடு டிஎஃப்ஏ உப்பாகவும் கட்டுப்பாடு அசிடேட்டாகவும் இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு உப்புகளை.

மார்ச் 9

பார்சல் வந்தபின். உறை உலர்த்திய பொடி சில நாள் அறை வெப்பத்தில் பயணித்தால் பெரும்பாலும் கெடாது. ஐஸ் உருகிவிட்டது என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கெடுப்பது ஈரம். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறந்தால் குளிர்ந்த பொடியின்மேல் காற்றின் ஈரம் படியும். உலர்த்தியுடன் கூடிய டப்பாவுக்குள்ளேயே 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், பிறகு திறங்கள். லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின், அஸ்பார்டிக், குளுட்டமிக் அமிலங்கள் நிறைந்தவை ஈரத்தை வேகமாக இழுக்கும்.

திறக்குமுன் குப்பியைச் சென்ட்ரிஃபியூஜில் சில நொடி சுற்றுங்கள். உறை உலர்ந்த பொடி பஞ்சு போல லேசானது, நிலைமின்னால் மூடியிலும் பக்கச் சுவரிலும் ஒட்டியிருக்கும். 1 மி.கி. குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்து நிறுப்பது வீண் வேலை. குப்பி முழுவதையும் கரைத்து, கரைசலாகப் பங்கிடுங்கள்.

பொடியாக வைத்திருக்க மைனஸ் 20, நீண்ட காலத்துக்கு மைனஸ் 80. தானாகவே பனி உருக்கும் ஃப்ரீசர் வேண்டாம். அது ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வெப்பத்தை ஏற்றி இறக்குகிறது.

மார்ச் 10

கரைப்பது. இங்கேதான் அதிகப் பெப்டைடு வீணாகிறது, எனவே நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மின்னூட்டத்தை எண்ணுங்கள். லைசின், ஆர்ஜினின், அமினோ முனை ஒவ்வொன்றுக்கும் +1. அஸ்பார்டிக், குளுட்டமிக், கார்பாக்சில் முனைக்கு −1. ஹிஸ்டிடினை பிஎச் 6-க்குக் கீழே மட்டும் +1 என்று சேருங்கள். கூட்டுத்தொகை நேர்மறை என்றால் முதலில் நீர், கரையாவிட்டால் 10-லிருந்து 30% அசிட்டிக் அமிலம். எதிர்மறை என்றால் நீர், பிறகு நீர்த்த அம்மோனியம் பைகார்பனேட். சிஸ்டீன் இருந்தால் காரப் பக்கம் போகாதீர்கள். பிஎச் 7-ஐத் தாண்டினால் சிஸ்டீனின் தயால் (கந்தக-ஹைட்ரஜன் குழு) வேகமாக டைசல்ஃபைடாகும். மின்னூட்டம் பூஜ்யத்தை ஒட்டியும் வரிசை நீர்வெறுப்பதாகவும் இருந்தால் குறைந்த அளவு டிஎம்எஸ்ஓவில் முழுதாகக் கரைத்து, கலக்கிக்கொண்டே இருக்கும் பஃபருக்குள் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) பெப்டைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பஃபரைப் பெப்டைடுக்குள் ஊற்றினால் செறிவு அதிகமுள்ள இடத்தில் திரியும், திரிந்தது திரும்பக் கரைவது அபூர்வம்.

மெத்தியோனினும் தனி சிஸ்டீனும் இருந்தால் டிஎம்எஸ்ஓ வேண்டாம், அதுவே ஆக்சிஜனேற்றி. டைமெதில்ஃபார்மமைடு அங்கே மாற்று. ஆனால் அது செல்லுக்கு நச்சு, இறுதி அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

டிஎம்எஸ்ஓவில் 10 மில்லிமோலார் ஸ்டாக் செய்து ஆயிரத்துக்கு ஒன்றாக நீர்த்தால் 10 மைக்ரோமோலாரும் 0.1% டிஎம்எஸ்ஓவும் கிடைக்கும். பெரும்பாலான செல்கள் இதைத் தாங்கும். கட்டுப்பாட்டுக் கிண்ணத்திலும் அதே 0.1% இருக்க வேண்டும்.

முழுக் குப்பியையும் முதல் முயற்சிக்கே பலியிடாதீர்கள். நிறுக்காமல் எடுத்த சிறு பங்கில் முதலில் சோதித்துப் பாருங்கள், அதையும் நீர், அசிட்டிக் அமிலம் போல உறை உலர்த்தியால் நீக்கக்கூடிய கரைப்பானில் தொடங்குங்கள். சரிவராவிட்டால் உலர்த்தி எடுத்து வேறொன்றை முயலலாம். டிஎம்எஸ்ஓவை அப்படி எளிதில் நீக்க முடியாது.

கரைந்துவிட்டது என்று கண்ணால் சொல்வதும் போதாது. 10,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி, மேல்நீரின் உறிஞ்சலைச் சுற்றுமுன் இருந்ததோடு ஒப்பிடுங்கள். டிஎஃப்ஏ உப்பு, பஃபர் இல்லாத நீரில், அமிலமாகவே இருக்கும். பிஎச் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் செல்மேல் ஊற்ற வேண்டாம்.

மார்ச் 10, இரவு

பாத்திரத்தை விட்டுவிட்டேன். நேர்மின் பெப்டைடு கண்ணாடியில் ஒட்டும், நீர்வெறுப்பது பாலிஸ்டைரீனில் ஒட்டும். 1 மில்லிமோலார் ஸ்டாக்கில் இந்த இழப்பு தெரியாது. 10 நானோமோலாராக நீர்த்ததும் பெரும்பகுதியே சுவருக்குப் போய்விடலாம். குறைவாக ஒட்டும் பாலிப்ரொப்பிலீன் குழாய், சோதனை இடம்கொடுத்தால் 0.1% ஆல்புமின், நீர்த்ததும் உடனே பயன்பாடு. நீர்த்த கரைசல்களைச் சேமிக்கவே வேண்டாம்.

மார்ச் 12

"பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் பஃபர் உப்புநீர்) கரைத்து உறையவைத்தோம், உருக்கினால் வெண்மையாகத் திரண்டிருக்கிறது."

சோடியம் பாஸ்பேட் உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும், மிச்சத் திரவத்தில் பிஎச் 4-ஐ நெருங்கும் அளவுக்கு இறங்கலாம். கூடவே உப்புச் செறிவும் ஏறுகிறது. பெப்டைடு தன் சமமின் புள்ளியை (நிகர மின்னூட்டம் பூஜ்யமாகும் பிஎச்) கடக்கும்போது திரிகிறது. ஸ்டாக்கை நீரிலோ நீர்த்த அசிட்டிக் அமிலத்திலோ உறையவையுங்கள், பஃபரைப் பயன்படுத்தும் அன்று சேருங்கள். ஒருமுறை பயன்பாட்டுக்குப் போதுமான 20, 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80-இல் வைத்து, ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள். குழாயின்மேல் பெயர், தொகுதி எண், கரைப்பான், தேதி, நிகர அளவைச் சேர்த்துத் திருத்திய செறிவு எல்லாம் இருக்கட்டும்.

கரைசலில் எவ்வளவு நாள் தாங்கும் என்பது வரிசையைப் பொறுத்தது. அஸ்பாரஜினை அடுத்துக் கிளைசின் வந்தால் நடுநிலை பிஎச்சில் அமைடு போய்க்கொண்டே இருக்கும். அஸ்பார்டிக் அமிலத்தை அடுத்துப் புரோலின் வந்தால் அமிலத்தில் அங்கேயே துண்டாகும். அமினோ முனையில் குளுட்டமின் இருந்தால் பைரோகுளுட்டமேட்டாக மூடிக்கொள்ளும், 17 குறையும். டிரிப்டோஃபேன் இருந்தால் ஒளி படாமல் வையுங்கள்.

சிலர் பென்சைல் ஆல்கஹால் 0.9% கலந்த நீரில் ஸ்டாக் செய்கிறார்கள். செல் சோதனைக்கு வேண்டாம். பென்சைல் ஆல்கஹால் சவ்வின் நெகிழ்வை மாற்றும், விடை பெப்டைடுடையதா அதனுடையதா என்று பிரிக்க முடியாது.

மார்ச் 13

இழையில் ஒருவர் இதே குப்பியை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அளவு கேட்டிருக்கிறார். ஆய்வுக்கு மட்டும் என்று விற்கப்படுவது மலட்டுத்தன்மைக்கோ, கரைப்பான் எச்சத்துக்கோ, மனிதருக்குரிய எண்டோடாக்சின் வரம்புக்கோ சோதிக்கப்பட்டதல்ல. 98% என்ற எண் இவற்றில் எதையும் தொடவில்லை. மனிதருக்கும் விலங்குக்கும் போடும் அளவு இங்கே பேசப்படாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வாங்கும் இடத்தில் ஆய்வுக்கு மட்டும் என்ற வரிக்குக் கீழேயே உடம்புக்கு என்ன பலன் என்று எழுதியிருந்தால், அங்கே ஆய்வகத்துக்கும் வாங்காதீர்கள். சான்றிதழ் கேட்டுப் படிக்கும் வாடிக்கையாளரை எண்ணி அவர்கள் கடை வைக்கவில்லை.

மார்ச் 15

கையாள்பவரின் பாதுகாப்பு. பொடியை முகர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியம் வேண்டாம். டெஸ்மோபிரெசின் மருந்தாகவே மூக்கு வழியாகக் கொடுக்கப்படுகிறது. மூக்குச் சவ்வு பெப்டைடை உள்ளே விடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஹார்மோன் வகைகளும் மெலிட்டின் போன்ற செல் உடைக்கும் நச்சுகளும் என்றால் நிறுப்பதைக் காற்றுக்கவசப் பெட்டிக்குள் (ஃப்யூம் ஹுட்) செய்யுங்கள். அதைவிட நல்லது நிறுக்காமல் இருப்பது: ரப்பர் மூடியுள்ள குப்பியாக இருந்தால் மூடியைத் திறக்காமல் ஊசிக்குழல் வழியே கரைப்பானை உள்ளே விட்டுக் கரையுங்கள். குப்பி வெற்றிடத்தில் மூடப்பட்டிருந்தால் கரைப்பானைச் சட்டென இழுக்கும், பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். நைட்ரைல் கையுறை போதும், ஆனால் டிஎம்எஸ்ஓ கரைசல் பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள். அது தோலைக் கடக்கும், தன்னில் கரைந்ததையும் உடன் கொண்டுபோகும்.

சிந்தினால் உலர்ந்த துடைப்பால் பெருக்காதீர்கள், தூசியாக எழும். ஈரத் தாளை மேலே போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுவாகத் துடையுங்கள். நச்சுப் பெப்டைடு என்றால் பிறகு 10% ப்ளீச்.

மார்ச் 15, திருத்தம்

ப்ளீச் பற்றி மேலே சுருக்கமாக விட்டது ஆபத்து. ஸ்டாக் அசிட்டிக் அமிலத்திலோ டிஎஃப்ஏவிலோ இருந்தால் ப்ளீச் பட்டதும் குளோரின் வாயு வரும். முதலில் சோடியம் பைகார்பனேட் போட்டு, நுரைப்பது நின்றபின் தாளால் எடுத்து, இடத்தை நீரால் துடைத்து, அப்புறம்தான் ப்ளீச். குவானிடின் தயோசயனேட் கலந்த கரைசலில் ப்ளீச் எந்த நிலையிலும் கூடாது, சயனைடு வாயு வெளிவரும். பாதுகாப்பிக்காக சோடியம் அசைடு சேர்த்த பஃபரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக்கூடிய அசைடு படியும். அமிலம் பட்டால் ஹைட்ரசோயிக் அமில ஆவி எழும். அசைடு கழிவுக்குத் தனி பாட்டில், அமிலக் கழிவுக்கு வேறு பாட்டில், இரண்டின் மேலும் உள்ளே இருப்பது முழுப்பெயரில்.